நாலாவது ஆள்

சென்ற மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டூடியோ நடத்தும் நிவேதா தமது கணினித் திரையில் ஒரு பழைய குடும்பப் படத்தைத் திறந்து என்னிடம் காட்டினார். பூஞ்சைக் கறை போயிருந்தது. வெளிறிய சிவப்பு மறுபடியும் சிவப்பாகியிருந்தது. நான் பாராட்ட வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இதவிடப் பெரிய வேலை ஒண்ணு இந்தப் படத்துலயே பாத்திருக்கேன் சார். ஓரத்துல யாரோ ஒரு ஆளு சம்பந்தமே இல்லாம நின்னாரு. நெட்டைக் கழுத்து, திருட்டு முழி. ஒரு தட்டுத் தட்டுனேன், ஆளு காலி. இப்பப் பாருங்க, அப்பா, அம்மா, பொண்ணு. எம்புட்டு லட்சணமா இருக்கு!"

அந்த ஆள் நான்தான்.

நிவேதாவைக் குறை கூற இயலாது. அந்தக் காலத்தில் எனக்குத் தலை நிறைய முடி இருந்தது. மேலும், அந்த ஓரத்து மனிதனால் ஒரு கல்யாணப் பேச்சு அந்தரத்தில் தொங்கிய கதையை அவர் அறிய வாய்ப்பில்லை. இளம் புகைப்படக்காரர்களின் கூட்டத்துக்காக, வீட்டிலும் வெளியிலும் குடும்பப் படத்தை நன்றாக எடுப்பது குறித்து எழுதித் தருமாறு அவர் முன்பே கேட்டிருந்தார். ஒளி, கோணம், பின்னணி என்று நானும் குறிப்புகள் எடுத்துவைத்திருந்தேன். திரையில் என்னைக் காணாத பிறகு, அந்த ஒரு படத்தைப் பற்றியே எழுதுவது அதிகப் பயன் தரும் என்று முடிவு செய்தேன்.

பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, வேலையின்மையைப் போக்கும் வழிகளைப் பற்றித் தீவிரமாகச் சிந்தித்துக்கொண்டிருந்த நாள்களில், நானும் வேலையில்லாமல்தான் இருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, தற்காலிகமாக என்று எனக்கு நானே உறுதியளித்துக்கொண்டு போனேன். முதலாளி வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுபவர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அது கண்ணுக்கு இறங்கினால் யாருக்கோ ஏச்சு விழப்போகிறது என்று பொருள்.

"டிகிரி முடிச்சிருக்கியோ?"

"ஆமாங்க. பொருளாதாரம்."

"ஆளுகள எண்ணத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"அப்ப நாளைக்கு வா."

அந்தக் கேள்வியின் கனம் பிறகுதான் விளங்கியது. எனக்கு முன்பிருந்தவர் தளவாய்புரத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்தைப் படமெடுக்கப் போய், அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்த மூத்த மருமகளை விட்டுவிட்டுப் படமெடுத்து வந்துவிட்டாராம். படம் பெரிதாகிச் சுவரில் மாட்டப்பட்ட அன்றுதான் அந்த அம்மாள் அதைப் பார்த்தாராம். அதன்பின் அந்த வீட்டில் நெடுநாள் யாருக்கும் காப்பி கிடைக்கவில்லை என்பது முதலாளியின் வாக்குமூலம். ஆகவே முதலில் எண்ண வேண்டும், பிறகு வீட்டாரிடம் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்க வேண்டும், பிறகு மறுபடியும் எண்ண வேண்டும்.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கழுவினேன், துடைத்தேன், சுமந்தேன், பார்த்தேன். பார்த்தவற்றில் சில இன்றைய கைப்பேசிக்கும் பொருந்தும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலாளி முதலில் ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்வார். ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் ஒரே முகத்தில் விழுந்தால் பாதி முகம் மனித நிறத்திலும் பாதி முகம் பாகற்காய் நிறத்திலும் வரும். அடுத்து மின்விசிறி. அதன்பின் தலைக்கு நேர் பின்னால் தொங்கும் நாள்காட்டி, இல்லாவிட்டால் குடும்பத் தலைவரின் உச்சியிலிருந்து தேதி முளைக்கும். கடைசியாக ஜன்னல். நேர் வெயில் உள்ளே அடித்தால் அதன்மேல் பேண்டேஜ் துணியைக் கட்டுவார். சத்திரப்பட்டிப் பக்கம் தறியில் ஓடும் அதே மருத்துவத் துணிதான். வெளுக்காத துணி முகங்களுக்கு மஞ்சள் பூசிவிடும் என்பதால், வெளுத்த துணியை இரண்டு மடிப்பாக, சுருக்கமில்லாமல் கட்ட வேண்டும். அதன் வழியே வரும் வெளிச்சத்தில் எவர் முகமும் காய்ச்சல் விட்ட மறுநாள்போல் தெளிந்திருக்கும்.

வெளியே எடுப்பதானால், எங்கள் ஊருக்கு மேற்கே மலை இருப்பதை அவர் தம் சொந்தச் சொத்துபோல் பயன்படுத்தினார். சமவெளி ஊர்களைவிட இங்கே சூரியன் முன்னதாகவே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆனால் வானத்தில் வெளிச்சம் நீடிக்கும். அந்த இடைவேளையில் யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள், மூக்கின் நிழல் மீசையாக விழாது. "சூரியன் போன பொறவுதாம்ல வெளிச்சம் வரும்" என்பார். வெள்ளை வெளேரென்ற எங்கள் ஊர் நாயை மடியில் வைத்துக்கொண்டு யாராவது வந்தால், கேமராவின் ஒளி அளவுமானி நாயை நம்பி ஏமாந்து, குடும்பத்தையே கரியாக்கிவிடும்; அளவை முகத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கற்றேன்.

அவர் ஒருநாளும் யாரையும் சிரிக்கச் சொன்னதில்லை. சிரிக்கச் சொன்னால் மனிதர்கள் பல்லைக் காட்டுகிறார்கள், அது வேறு என்பது அவருடைய கருத்து. எல்லாரையும் நிறுத்திவிட்டு, எதையோ சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டு, "ஆமா, இன்னைக்கு வீட்டுல என்ன கொழம்பு?" என்பார். ஒரே வீட்டில் உண்ட நால்வரும் நான்கு விதமாகப் பதில் சொல்வார்கள். அந்தத் தகராறு சிரிப்பாக மாறும் கணத்தில் கேமரா சொடுக்கியிருக்கும்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

ஜெயசீலன் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. மனைவி எஸ்தர். ஒரே மகள் பியூலா. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறுநாள் புத்தாடையோடு ஸ்டூடியோவுக்கு வருவார்கள். நான்கு பேராக வருவார்கள். அந்த நான்காவது ஆள் மட்டும் ஆண்டுதோறும் மாறிக்கொண்டிருந்தார். ஒரு முறை பக்கத்து வீட்டு டீச்சர். ஒரு முறை ஜெயசீலனோடு மில்லில் வேலை பார்த்தவர். ஒரு முறை பால்காரர், கேனோடு. மூன்று பேராக நின்று படமெடுத்தால் யாருக்காவது ஆகாது என்றொரு நம்பிக்கை எங்கள் பக்கத்தில் உண்டு. அதற்காகவே இந்த ஏற்பாடு.

நான் சேர்ந்த ஆண்டு அவர்களுக்கு நாலாவது ஆள் கிடைக்கவில்லை. மூவர் மட்டும் வந்து, பின்திரையின் முன்னால் தயங்கி நின்றார்கள்.

"நாங்க விசுவாசிக தம்பி. இந்தச் சகுனம் கிகுனமெல்லாம் நம்புறதில்ல" என்று ஜெயசீலன் தாமாகவே தொடங்கினார். "ஆனாலும் எதுக்கு? செத்த நேரம் நீங்க வந்து நில்லுங்களேன்."

"நாய் ஒண்ணு வாசல்ல நிக்கே, அதக் கூப்பிட்டா கணக்குல சேராதாப்பா?" என்றாள் பியூலா.

"ஏட்டி, வாய மூடு. நாய் எப்படிச் சேரும்?" என்றார் எஸ்தர், கணக்கு விதிகளை முழுவதும் அறிந்தவராக.

படித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருப்பதாக உணர்ந்தேன். மூட நம்பிக்கைக்கு உடன்படுவது அதை வளர்ப்பதாகும் என்றும், இன்று நான் நின்றால் நாளை இந்த ஊரே நாலாவது ஆள் தேடும் என்றும் பின்விளைவுகளை விளக்கத் தொடங்கினேன். முதலாளியின் கண்ணாடி நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறங்கியது.

"கிராஜுவேட்டு. நம்பிக்கை அவிய வீட்டுது. வெளிச்சம்தான் நம்மளுது. போய் நில்லு."

நின்றேன். "கழுத்த நீட்டாத" என்றார். இழுத்துக்கொண்டேன். "செத்தவன் மாதிரி நிக்காத." நீட்டினேன். இப்படி என் கழுத்து ஆமையைப்போல் போய்வந்ததைப் பார்த்து, கேமரா முன்னால் எப்போதும் முறைத்துக்கொண்டு நிற்கும் பியூலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். குழம்பைப் பற்றிக் கேட்கத் தேவையே இருக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் படங்களிலேயே மிகச் சிறந்த படம் அதுதான்.

மிகச் சிறந்த படமாக அமைந்ததே சிக்கலாயிற்று.

இரண்டு ஆண்டுகள் கழித்து பியூலாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் தந்தை பாக்கியநாதன் இரும்பும் சிமெண்டும் விற்கும் கடை வைத்திருந்தவர், சபையில் முன்வரிசைக்காரர், சகுனம் பார்ப்பவர்களை மேடையிலேயே கண்டிப்பவர் என்று பெயரெடுத்தவர். பையனைக் கன்வென்ஷன் கூட்டத்தில் பாட்டுக் குழுவில் பார்த்திருந்த பியூலாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. தனியாக எடுத்த படங்களிலெல்லாம் அவள் முறைத்துக்கொண்டிருந்ததால், அவள் சிரிக்கும் ஒரே படத்தைச் சபை உபதேசியார் மூலம் அனுப்பினார்கள். அங்கிருந்தும் ஒரு குடும்பப் படம் வந்தது: பையன், தாய், தந்தை, அருகில் பெரிய மீசையோடு ஒரு பெரியவர்.

ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஜெயசீலன் வேர்க்க விறுவிறுக்க ஸ்டூடியோவுக்கு வந்தார். பின்னாலேயே எஸ்தரும் பியூலாவும்.

"பையனோட அம்மா கேட்டாகளாம், 'ஒரே பொண்ணுன்னு சொன்னீகளே, ஓரமா நிக்கிறது யாரு? கூடப்பொறந்தவன்னா முகச்சாயல் இல்ல. மூத்த மாப்பிள்ளைன்னா மூத்த பொண்ணு எங்க? முந்தி பேசி முடிச்ச பையனா'ன்னு. எனக்கு அந்த மீசைக்கார மாமா மேலதான் சந்தேகம். முழியப் பாருங்க, அவருதான் தூண்டி விடுதாரு" என்றார் ஜெயசீலன்.

"என் கல்யாணம் இந்தக் கழுத்துல வந்து மாட்டிருச்சு" என்றாள் பியூலா, என்னைக் காட்டி. கேலியாகத்தான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. அதைக் கண்டபோது, அறைக்குள் இருந்தவர்களிலேயே மிகவும் தேவையற்றவன் நான்தான் என்று தோன்றியது.

"நெஜத்தச் சொல்லிரலாமே" என்றேன்.

"மேடையேறித் திட்டுத மனுசன் அவரு. மூணு பேரா நிக்கப் பயந்து ஆளு சேத்தோம்னு அவருகிட்டச் சொல்லவா?" என்றார் ஜெயசீலன். "இவன என் சித்தப்பா மவன்னு சொல்லிருதேன்."

"சித்தப்பா மவன் பேரு மாரியப்பனாப்பா?" என்றாள் பியூலா, என் பெயரை நினைவூட்டி.

நான் இந்த யோசனையின் பின்விளைவுகளை ஆராய்ந்தேன். கல்யாணத்துக்குப் போக வேண்டும். ஞானஸ்நானங்களுக்குப் போக வேண்டும். ஒரு வாக்கியத்துக்காக வாழ்நாள் முழுவதும் இன்னொருவனாக வாழ வேண்டும். முடியாது என்றேன்.

"ஏன் இம்புட்டுப் பேச்சு? இவன வெட்டிட்டுப் புதுப் பிரிண்ட் போட்டுத் தாரேன்" என்றார் முதலாளி.

எஸ்தர் பதறிவிட்டார். "ஐயையோ அண்ணாச்சி! வெட்டுனா மூணாயிரும்லா!"

அவ்வளவு கறாரான தர்க்கத்தை நான் கல்லூரியிலும் கேட்டதில்லை.

கடைசியில் உபதேசியார் ஒரு வழி செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வந்து பெண்ணையும் வீட்டையும் நேரில் பார்ப்பார்கள். அதன்பின் முடிவு சொல்வார்கள். முதலாளியும் வந்து இரு குடும்பத்தையும் சேர்த்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஜெயசீலன் கேட்டுக்கொண்டார். படம் எடுக்கச் சம்மதித்து நிற்பவர்கள் பாதிச் சம்மதம் சொன்னவர்கள் என்பது அவருடைய கணக்கு.

"ஆனா அண்ணாச்சி, இந்தத் தம்பி மட்டும் அவிய கண்ணுல படக்கூடாது."

"படமாட்டான்" என்றார் முதலாளி.

ஜெயசீலன் வீட்டின் முன்னறைக்கு மேற்கே ஒரு பெரிய ஜன்னல். நாங்கள் முன்னதாகவே போனோம். ட்யூப்லைட்டை அணைத்தோம், மின்விசிறியை நிறுத்தினோம், நாள்காட்டியைக் கழற்றினோம். சூரியன் இன்னும் மலைக்கு மேல்தான் இருந்தது. வெயில் நேராக உள்ளே அடித்தது. பேண்டேஜ் துணியைக் கட்ட அந்த ஜன்னலில் கொக்கி இல்லை. முதலாளி சற்று யோசித்துவிட்டு, என்னை வெளியே சந்துக்கு அனுப்பி, துணியின் இரு மூலைகளையும் கைகளால் உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். துணியும் நிற்கும், நானும் மறைவேன். ஏற்பாடு குறையற்றதாகத் தோன்றியது.

வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. வரவேற்புகள் நடந்தன. மீசைக்காரருக்காகவே அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிப் போட்டிருந்த கைவைத்த நாற்காலியைக் காட்டி, ஜெயசீலன் மிகுந்த பணிவோடு கேட்டார்: "அந்தப் பெரியவரு வரலியாங்க?"

"அவருக்கு… ஒரு சோலி" என்றது பாக்கியநாதனின் குரல்.

காப்பி, பலகாரம், பியூலாவின் ஒரு பாட்டு, எல்லாம் துணிக்கு அப்பாலிருந்து என் காதில் விழுந்தன. படத்துக்காக எல்லாரையும் நிறுத்தினார்கள். என் கைகள் மரத்துப்போயிருந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலில், நான் கழுத்தைச் சற்று நீட்டியிருக்கலாம்.

எனக்குப் பின்னால் சூரியன். எனக்கு முன்னால் வெள்ளைத் துணி. ஒளியைப் பற்றிக் கொஞ்சமேனும் அறிந்தவர்கள் மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளே கேமராவில் கண் வைத்திருந்த முதலாளிக்கு அந்த நொடியில் ரகசியம், சம்பந்தம், வாக்குறுதி எதுவும் நினைவில் இல்லை. அவருடைய வெளிச்சத்தை யாரோ கெடுக்கிறார்கள், அவ்வளவுதான். "ஒத்து, ஒத்து!" என்று தெலுங்கில் வேண்டாமெனக் கத்தினார். கோபம் வந்தால் அவருக்குத் தாய்மொழிதான் முதலில் வரும். பிறகு தமிழில், "ஏலே கிராஜுவேட்டு! உன் கழுத்து அந்தம்மா முகத்துல விழுதுல்லா! துணிய விட்டுட்டு உள்ள வாடே!"

கைகள் தாமாகவே துணியை விட்டன. சட்டம்போட்ட ஜன்னலுக்குள் நான் மார்பளவுப் படமாக நின்றேன்.

மாப்பிள்ளையின் தாய் என்னை உற்றுப் பார்த்தார். "இது அந்தப் போட்டோவுல நிக்கிற பையன்லா?"

பியூலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறந்தேன். எதைச் சொன்னாலும் அதன் விளைவு என்னவாகும் என்று எண்ணி மூடிக்கொண்டேன். எஸ்தர்தான் முன்னே வந்தார். முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நான் நெஜத்தச் சொல்லிருதேன்" என்று தொடங்கினார். "இவரு ஸ்டூடியோ தம்பி. எங்களுக்கு யாருமில்ல. நாங்க மூணு பேருதான். மூணு பேரா நின்னு போட்டோ எடுக்க எனக்குத்தான் பயம். ஒத்தப் பிள்ளைய வச்சிருக்கேன். அதான் வருசா வருசம் யாரையாச்சும் நிறுத்திக்கிடுவேன். எம்மேல தப்புன்னா என்னச் சொல்லுங்க. பிள்ளைய வேண்டாம்னு சொல்லிராதீக."

எல்லாருடைய பார்வையும் பாக்கியநாதன்மேல் திரும்பியது. சகுனத்தைக் கண்டிக்கும் அந்தக் குரல் எழும் என்று எதிர்பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். ஆனால் அவருடைய மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க."

"என்னத்த?"

"மீசையச் சொல்லுங்க."

பாக்கியநாதன் இரவல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "நாங்களும் மூணு பேருதான்" என்றார். "அன்னைக்கு ஆலங்குளத்துல இருந்து சிமெண்டு லோடு வந்துச்சு. எறக்கிட்டுக் காப்பி குடிச்சுக்கிட்டு நின்னாரு. லாரி டிரைவரு. பேருகூடத் தெரியாது. சட்டையில சிமெண்டுன்னு என் சட்டையப் போட்டு நிறுத்துனோம்."

"ஒரு வாரமா அந்த மாமாவுக்குப் பயந்து நான் தூங்கலய்யா!" என்றார் ஜெயசீலன்.

முதலில் சிரித்தது பையன். அடுத்து பியூலா. மாப்பிள்ளையின் தாய் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, உங்க ஆளாவது பாக்க படிச்ச பையன் மாதிரி இருக்காரு" என்றார். பட்டம் பெற்றதற்காக நான் கேட்ட ஒரே பாராட்டு அது.

முதலாளி இதற்குள் கேமராவுக்குத் திரும்பியிருந்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. அறைக்குள் மெதுவான வெளிச்சம் நிரம்பியிருந்தது. விரலை நீட்டி எண்ணினார். "ஆறு. எல்லாரும் வந்தாச்சா?" நான் பழக்க தோஷத்தில் ஓரமாக நகர்ந்தேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"நீ எங்கல போற? ஆறு பேரு இருக்காக. இனி நீ வேண்டாம்."

அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் வேறெந்த வேலையிலிருந்தும் நீக்கப்பட்டதில்லை. "மத்தியானம் என்ன கொழம்பு?" என்று அவர் கேட்டதும், கறிக்குழம்பு என்றார் பாக்கியநாதன், "கறியா? வெறும் எலும்பு" என்றார் அவர் மனைவி. கேமரா சொடுக்கியது.

இவ்வளவையும் நிவேதாவிடம் சொன்னபோது, அவர் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். படத்தைச் சீர்செய்யக் கொடுத்திருந்தவர் பியூலாதான். அன்று மாலை அவரே வந்து வாங்கிக்கொள்வதாக இருந்தது. எஸ்தருக்கு இப்போது வயதாகிவிட்டாலும் கணக்கில் மட்டும் தளர்ச்சி இல்லை. மூவர் மட்டும் நிற்கும் படத்தை அவர் உறையிலிருந்து பிரித்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் விளக்கவில்லை.

இளம் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இன்று உங்கள் விரல்நுனியில் எவரையும் அகற்றும் வசதி இருக்கிறது. அகற்றுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "இவர் யார்?" ஓரத்தில் நிற்பவர் ஏன் நிற்கிறார் என்பது படத்தைப் பார்த்துத் தெரிவதில்லை, வீட்டாரைக் கேட்டால்தான் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தையும் மலை நிழலையும் நீங்களே பழகிக்கொள்வீர்கள். இதை மட்டும் எந்தக் கருவியும் உங்களுக்காகக் கேட்காது.

நிவேதா ஒரு பொத்தானை அழுத்தினார். நெட்டைக் கழுத்தோடும் திருட்டு முழியோடும் நான் திரும்பி வந்தேன்.

"கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கிவிடட்டுமா சார்? இருட்டுல நிக்கீக."

"வேண்டாம்மா. இருந்தபடியே இருக்கட்டும்."

மாலையில் பியூலா வரும்போது நான் அங்கேதான் இருந்தேன். படத்தைக் கையில் வாங்கியதும், தம் முகத்தையோ பெற்றோர் முகத்தையோ அவர் முதலில் பார்க்கவில்லை. விரலை வைத்து ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார்.

"நாலு. சரியா இருக்கு" என்றார்.